டெல்டாவுக்கு ஆகாதது எங்களுக்கு மட்டும் ஆகுமா?

மாண்புமிகு சுற்றுச்சூழல் துறை அமைச்சர், துறைச் செயலாளர் ஆகியோருக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடி 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டதையும், எதிர்ப்பு எழுந்தபின் அதைத் திரும்பப் பெறுமாறு ஆகஸ்டில் அரசே அறிவுறுத்தியதையும் தாங்கள் அறிவீர்கள். அதற்கு நன்றி. ஆனால், ஓர் அறிவுறுத்தலால் வந்த காப்பு இன்னோர் அறிவுறுத்தலால் போய்விடும். ஆகவே, 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் உள்ள தடைகளை எங்கள் கடலோர ஒன்றியங்களுக்கும் விரிவாக்க வேண்டுகிறோம்.

அச்சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எரிவாயுக் கிணறுகளையும் செம்பு, துத்தநாக உருக்காலைகளையும் தோல் பதனிடும் ஆலைகளையும் தடுக்கிறது. உழவர்கள் போராடிப் பெற்ற அந்த உரிமையில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால், மாவட்ட எல்லையைத் தாண்டி எங்கள் மாவட்டத்து எஸ்.பி. பட்டினத்துக்குள் நுழைந்தால் அத்தடைகளில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் கடலோர ஊர்கள் பலவற்றில் குடிநீர் என்பது, மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய மழைநீர் அடுக்குதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் பெண்கள் ஊற்றுக் குழிக்குள் இறங்கி, மணல் கலங்காமல் சிரட்டையால் மொண்டு மொண்டு குடங்களை நிரப்பி, தள்ளுவண்டியில் ஏற்றி வீடு சேர்க்கிறார்கள். அவசரப்பட்டுச் சற்று ஆழமாகத் தோண்டினாலே உவர்நீர் ஏறிவிடும். இந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அடி இறங்கும் கிணற்றின் உறையில் ஒரு விரிசல் கண்டாலோ, துளையிட்ட சேறு தேங்கும் குழி கசிந்தாலோ, கெட்டுப்போன ஊற்றுக்கு எந்த ஆணையம் இழப்பீடு தரும்?

தண்டனையாக அரசு ஊழியரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவது பழைய வழக்கம். இப்போது தொழில்களுக்கும் அதே மாறுதல் ஆணை போலும். ஊழியராவது சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார். சீமைக்கருவேல் மண்டிய நிலம் கோப்பில் தரிசு என்பதால் இங்கு எதை இறக்கினாலும் தகும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! 1986 முதல் மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்கா இருப்பதும் அதே கோப்புகளில்தானே இருக்கிறது?

ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று 2020 சனவரியில் மத்திய அரசு விதியை மாற்றிவிட்டதால், எங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. மாநிலச் சட்டம் ஒன்றே எஞ்சியுள்ள வழி. எனவே, வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே அதற்கான திருத்த மசோதாவைக் கொண்டுவருமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோர ஊர்மக்கள்