ஓட்டக்கூடாத மோரிஸ் மைனரை ‘உடனே ஓட்டலாம்’ என்று விளம்பரம் செய்தது பற்றி

நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். பழைய காடிகளை விற்றுத் தருகிறோம் என்று சொன்னதை நம்பித்தான் என் 1964 மோரிஸ் மைனர் காரை உங்களிடம் ஒப்படைத்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் வரை லோரியில் ஏற்றி அனுப்பினேன். ஏன் லோரி? அதை ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதால்தான். நீங்களோ ‘சாவி போட்டால் போதும், உடனே ஓட்டலாம்’ என்று விளம்பரம் போட்டு, நான் சொன்ன 28,000 வெள்ளியை 39,000 ஆக்கி, கடைசியில் தூணிலும் கொண்டுபோய் மோதிவிட்டீர்கள். இப்போது ரிப்பேர் செலவு 4,600 வெள்ளியை நான் கட்ட வேண்டுமாம். நல்ல கதை.

தோட்டத்தில் கிராணியாக இருந்த என் பெரியப்பா, ஊருக்குத் திரும்பிய துரையிடம் வாங்கிய காடி அது. துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதிது வைத்து, 1098 சிசி எஞ்சினைப் பிரித்துச் செய்து, பெயிண்ட் அடித்து, சீட் தைத்து, எல்லாம் என் செலவு. கொஞ்ச காலம் ஓட்டினேன். அப்புறம் வேலை ஜொகூருக்கு மாறியதில் வீட்டுக் கொட்டகையில் பத்து வருடத்துக்கு மேல் நின்றுவிட்டது. பெயிண்ட் இன்னும் பளபளப்பதால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அவ்வளவு நாள் நின்ற காடியை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. டேங்கில் கோந்தாகிப்போன பெட்ரோலை வடிக்க வேண்டும், கார்புரேட்டரைக் கழுவ வேண்டும், பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம், சக்கரங்களில் இருக்கும் பிரேக் சிலிண்டர்கள் உள்ளே துரு ஏறி ரப்பரும் கெட்டுப்போயிருக்கும். டயர் தேயாமல் இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். இதையெல்லாம் கைப்பட எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்தேன். ‘ஸ்டார்ட் செய்யாதீர்கள், பிரேக் இல்லை’ என்று தமிழிலும் மலாயிலும் ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கிலும் கட்டிவிட்டேன். உங்கள் விளம்பரத்தின் மூன்றாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த அட்டை அப்படியே தொங்குகிறது! பக்கத்திலேயே ‘உடனே ஓட்டலாம்’ என்று போட்டிருக்கிறீர்கள்.

பினாங்கிலிருந்து ஒருவர் பார்க்க வந்த அன்று உங்கள் ஆள் புது பேட்டரி மாட்டியிருக்கிறார். அந்தக் கால மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். அவர் இந்தக் காலத்து காடி மாதிரி நெகட்டிவைச் சேர்த்திருக்கிறார். எஞ்சின் எப்படியோ பிடித்துக்கொண்டது, ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று எதிராகிப்போய், அந்தச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி கருகிவிட்டது. பிரேக் எண்ணெயைப் பார்க்க பானெட்டைத் திறந்து தேடினாராம். மைனரில் அது அங்கே இருக்காது, ஓட்டுபவரின் காலடியில் கார்பெட்டைத் தூக்கினால்தான் மூடியே தெரியும். கிடைக்கவில்லை என்றதும் விட்டுவிட்டு கியர் போட்டிருக்கிறார். பெடல் தரையைத் தொட்டது, காடி தூணைத் தொட்டது. பம்பர் வளைந்து, வலது முன் மட்காட் நசுங்கிவிட்டது. அந்த மட்காட்டைத் தேடி நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும்.

எனக்கு இன்னும் எரிச்சல் என்னவென்றால், பினாங்குக்காரர் பழைய காடி தெரிந்தவர். என்னிடம் போனில் பேசினார். ‘நின்ற காடி, வேலை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் 28,000க்கு வாங்கியிருப்பேன், பொய் சொன்ன இடத்தில் எனக்கு வேண்டாம்’ என்றார். வேலை பாக்கி இருக்கும் காடியை வாங்க ஆள் உண்டு, சிலர் அந்த வேலைக்காகவே வாங்குவார்கள். அப்படியே மறைத்தாலும், பெயர் மாற்றப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் பிரேக்கைச் சோதிக்க மாட்டார்களா?

ஆகவே அந்த விளம்பரத்தை உடனே எடுங்கள். 4,600 வெள்ளி பில்லை ரத்து செய்து எழுத்தில் தாருங்கள். மட்காட், பம்பர், ரெகுலேட்டர் மூன்றையும் உங்கள் செலவில், மைனர் தெரிந்த போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்துச் சரிசெய்து, உங்கள் செலவிலேயே லோரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புங்கள். காடியை நானே விற்றுக்கொள்கிறேன். 14 நாளில் பதில் வராவிட்டால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். மனு போட 5 வெள்ளிதான், வக்கீலும் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். ஒப்பந்தம், என் குறிப்பு, உங்கள் மூன்றாவது படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

பின்னால் பூட்டில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் ஒன்று வைத்திருந்தேன். உங்கள் ஆள் அனுப்பிய படத்தில் பூட் காலியாக இருக்கிறது. அதையும் தேடி எடுத்துக் காடியோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காடியின் உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்