ஓடும் வயதை யார் திருப்பித் தருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர் ஒருவர் தம் அடையாளத்தைப் பற்றியோ சமூக நியாயத்தைப் பற்றியோ வாய் திறந்தால், "களத்தில் கவனம் செலுத்தினால் போதாதா?" என்ற கேள்வி உடனே எழுகிறது. சற்று நாகரிகமாகப் பேசுபவர்கள், விளையாட்டையும் சொந்த வாழ்வையும் போராட்டத்தையும் சமன் செய்துகொள்ளத் தெரிய வேண்டும் என்று அறிவுரை கூறுகிறார்கள். தடகளச் செய்திகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவரும் வாசகன் என்ற முறையில், இந்த அறிவுரை சொல்லப்பட வேண்டியவர்களிடம் சொல்லப்படவில்லை என்றே கருதுகிறேன். ஓடுவதற்காக மட்டுமே மைதானத்துக்கு வந்த பெண்களிடம் "நீ யார்?" என்று கேட்டு, அடையாளத்தைப் பேசுபொருளாக்கியவர்கள் விளையாட்டு அமைப்புகளும் அவற்றின் விதிகளுமே ஆவர்.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தர்ராஜன், 2006-ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 3.16 நொடிகளில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன்பின் அவருக்குப் பாலினப் பரிசோதனை நடத்தப்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவ முடிவு, அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லப்படுவதற்கு முன்பே தொலைக்காட்சிச் செய்தியாகிவிட்டது. சாந்தி எந்தக் கோரிக்கையையும் முன்வைத்துக் களம் இறங்கியவர் அல்லர். எந்த முழக்கத்தையும் எழுப்பியவர் அல்லர். அவரை நாட்டின் பெயரால் அனுப்பிவைத்த அமைப்புகள் எதுவும் அவருக்காக மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அன்றைய தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசுத்தொகை வழங்கியது ஒன்றுதான் அந்த நாள்களில் அவருக்குக் கிடைத்த மரியாதை. பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகி, கிராமத்துப் பிள்ளைகளை ஓடப் பழக்கினார். அவருடைய சொந்த ஓட்டம் தோஹாவோடு நின்றுபோனது.

எட்டு ஆண்டுகள் கழித்து, ஒடிசாவின் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்த டூட்டி சந்துக்கும் இதே நிலை ஏற்பட்டது. 2014-இல், கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணை, ஆண்களிடம் மிகுதியாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு அதிகம் என்ற காரணத்தைக் காட்டி அணியிலிருந்து நீக்கினார்கள். மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ அந்த அளவைக் குறைத்துக்கொண்டால் திரும்பி வரலாம் என்பதே அவருக்குக் காட்டப்பட்ட வழி. இயல்பாகவே அமைந்த உடலை எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்டு அவர் மறுத்தார். இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. பயோஷ்ணி மித்ரா போன்ற ஆய்வாளர்கள் வழிகாட்டினார்கள். வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2015 ஜூலையில் அந்த விதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டே அவர் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடினார். 1980-இல் பி.டி. உஷா ஓடியதற்குப் பிறகு அந்தப் பிரிவில் இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக்கில் ஓடியது அதுவே முதல்முறை. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 11.32 நொடிகளில் வெள்ளி வென்றார். தங்கம் வென்றவருக்கும் அவருக்கும் இடைவெளி 0.02 நொடி மட்டுமே. 200 மீட்டரிலும் வெள்ளி அவருக்கே கிடைத்தது.

இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. துணிவில் சாந்தி எவருக்கும் குறைந்தவர் அல்லர். டூட்டிக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள், சாந்திக்கு இல்லை. வீராங்கனையின் மன உறுதியைப் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அவரைச் சுற்றி யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

2019 மே மாதத்தில், தாம் ஒரு பெண்ணைக் காதலிப்பதாக டூட்டி வெளிப்படையாக அறிவித்தார். இந்திய விளையாட்டு உலகில் அதுவரை எவரும் அப்படிச் சொன்னதில்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு வெடித்தது. இனி இவர் ஓட்டத்தில் கவனம் சிதறும் என்று ஆரூடம் சொன்னவர்களும் உண்டு. இரண்டே மாதத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் அவர் 100 மீட்டரில் தங்கம் வென்றார், 2021-இல் 11.17 நொடிகளில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். பின்னர் ஊக்கமருந்து வழக்கில் 2023-இல் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தவறு வேறு, டெஸ்டோஸ்டிரோன் வழக்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதில் அவருக்கு இருந்த நியாயத்தை அழிக்கப் பார்ப்பது முறையாகாது.

இந்தப் பிரச்சினையில் அதிகம் பேசப்படாத ஒன்று காலம். வழக்கறிஞர் ஐந்து ஆண்டு வாதாடலாம், அதிகாரி பதவி முடியும்வரை கோப்பைத் தள்ளிப்போடலாம்; ஓட்டக்காரருக்கோ முழு வேகத்தில் ஓடும் வயது பத்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக முகமது அலியின் உரிமம் 1967-இல் பறிக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. 1970 அக்டோபரில்தான் மீண்டும் குத்துச்சண்டை மேடை ஏற முடிந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை ரத்து செய்ய மேலும் எட்டு மாதங்கள் ஆயின. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. உடல் உச்சத்தில் இருந்த அந்த மூன்றரை ஆண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் தர முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவின் கதை இதைவிடக் கொடியது. 2009 பெர்லின் உலகப் போட்டியில், 800 மீட்டர் இறுதி ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, பதினெட்டு வயதான அவருக்குப் பாலினப் பரிசோதனை கோரப்பட்டிருக்கிறது என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்தச் சுமையோடு களமிறங்கி 1 நிமிடம் 55.45 நொடிகளில் ஓடி முடித்து அவர் தங்கம் வென்றார். லண்டன், ரியோ ஒலிம்பிக் தங்கங்களும் அவருடையவை. 2018-இல் வந்த புதிய விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் டெஸ்டோஸ்டிரோன் வரம்பை நிர்ணயித்தது. அந்த விதியை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், விதி பாகுபாடு காட்டுவதுதான், ஆனாலும் அது அவசியம் என்று 2019-இல் தீர்ப்பாயம் பெரும்பான்மை அடிப்படையில் கூறியது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு சொல்ல 2025 ஜூலை ஆகிவிட்டது. வழக்கில் தோற்றபோது அவருக்கு 28 வயது. இந்தத் தீர்ப்பு வந்தபோது 34. தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு 800 மீட்டர் ஓட முடியாது.

பெண்கள் பிரிவு நியாயமாக நடக்க வேண்டும் என்ற கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்யும் மற்ற வீராங்கனைகளுக்கும் சம வாய்ப்பு வேண்டும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் அறிவியலாளர்களிடையேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லை எங்கு வகுக்கப்பட்டாலும், அதன் பெயரால் ஒரு மனிதரை ஊர் நடுவே நிறுத்தி அவமானப்படுத்தத் தேவையில்லை என்பதே என் வாதம். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவிடம் 1980-களில், பாலினப் பரிசோதனை முடிவைக் காட்டி, காயம் பட்டதுபோல் நடித்துச் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும்படி சொன்னார்கள். அவர் மறுத்ததும் விவரம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பட்டங்களும் உதவித்தொகையும் பறிபோயின. 1988-இல் தகுதி திரும்பக் கிடைத்தபோது அவருடைய நல்ல ஓட்டக்காலம் கழிந்துவிட்டிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவே 1999-இல் கைவிட்ட மரபணுப் பரிசோதனையை, உலக தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்தால் போதும் என்கிறார்கள். பரிசோதனை எளிதாகலாம். அதன் முடிவைக் கேட்டு ஒரு பத்தொன்பது வயதுப் பெண் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் இரவு எளிதாக இருக்காது.

ஆகவே இந்திய தடகள சம்மேளனத்திடமும் மாநில அமைப்புகளிடமும் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். பரிசோதனைக்கு முன்பே, அதன் விளைவுகள் அனைத்தையும் வீராங்கனையின் தாய்மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. முடிவு முதலில் அவருக்கும் அவர் நம்பும் ஒருவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும்; கசியவிட்ட அதிகாரி பதவியில் நீடிக்கக் கூடாது. சம்மேளனத்தைச் சாராத மருத்துவரும் வழக்கறிஞரும் அன்றே அவருக்குக் கிடைக்க வேண்டும். மேல்முறையீடு நடக்கும் காலத்தில் உதவித்தொகையும் விடுதி இடமும் பயிற்சியும் தொடர வேண்டும். விசாரணை மாதக்கணக்கில் முடிய வேண்டுமே தவிர ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது. சாந்தியின் தோஹா வெள்ளியைத் திரும்பத் தரும்படி இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் முறைப்படி வலியுறுத்த வேண்டும். எத்தனை ஆண்டு கழிந்தாலும் அந்தக் கடமை அவர்களுடையதுதான்.

தங்கள் நாளிதழ் உள்ளிட்ட எல்லா ஊடகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு தகவல் தங்கள் மேசைக்கு வரும்போது, அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு நிருபரை அனுப்புவதற்கு முன், மருத்துவ ரகசியம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று சம்மேளனத்தின் செயலாளரிடம் கேட்டு, அவர் தரும் பதிலை முதல் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தடகளத்தை நேசிக்கும் ஒரு வாசகன்