கடல் உள்வாங்கும் ஊருக்கு ஒரு நாள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில் அப்பா சொன்னதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். "ஆகஸ்டில் வருகிறோம், பேரனைப் பார்க்கிறோம், வீட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்புகிறோம். ஊர் காட்டுகிறேன் என்று காசைக் கரைக்காதே" என்றீர்கள். போனில் பதில் சொன்னால் பாதிப் பேச்சில் அம்மா போனை வாங்கிவிடுவார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் இருவரையும் நான் சவுத்எண்டுக்குக் கூட்டிப்போகத்தான் போகிறேன். போன மாதம் நாங்கள் மூவரும் போய்வந்த செலவு, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து, என்னுடைய ஒரு நாள் சம்பளத்துக்குள் முடிந்துவிட்டது. பவுனை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காதீர்கள் அப்பா. சம்பளமும் பவுனில்தான் வருகிறது.

தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். நம் பக்கம் பழையாறு அருகே கொள்ளிடம் கலக்கிறதே, அதே போன்ற முகத்துவாரம்தான். ஆனால் அகலம் அதிகம், எதிர்க்கரையில் கென்ட் மாவட்டம் மங்கலாகத்தான் தெரியும். எங்கள் ஸ்டேஷனிலிருந்து பாதாள ரயிலில் அடுத்த ஸ்டேஷன் போய், அங்கே வேறு ரயில் மாறினால் முக்கால் மணி நேரத்தில் கடல். சனி, ஞாயிறுகளில் டிக்கெட் விலை குறைவு. பையனுக்குப் பாதி விலை. பெரியவர்கள் வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம், பிள்ளைக்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். பென்ஃபிளீட் தாண்டியதும் அந்தப் பக்கம் உப்பங்கழி தெரியத் தொடங்கும். இடது பக்கம் குன்றின் மேல் ஹாட்லி கோட்டையின் இடிந்த கோபுரங்கள். சாக்வெல் வந்ததும் ஸ்டேஷனை ஒட்டியே கடல். ரயிலில் இருந்தபடியே அலையைப் பார்க்கலாம்.

இந்த ரயில் பாதை 1856லேயே சவுத்எண்ட் வரை வந்துவிட்டது. 1871ல் இங்கே ஒரு சட்டம் போட்டு வருஷத்தில் சில நாட்களை வங்கி விடுமுறை என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் கிழக்கு லண்டனின் கப்பல்துறைக் கூலிகள், தையல்காரர்கள், தொழிற்சாலைப் பெண்கள் எல்லாம் ஒரே ஒரு நாள் லீவுக்குக் குடும்பத்தோடு இங்கே வந்து கடலில் கால் நனைத்துவிட்டு ராத்திரி வீடு திரும்பினார்கள். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். எங்கள் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவார்களாம், அங்கே ஐஸ்கிரீம் மட்டும்தான் காசு கொடுத்து வாங்குவார்களாம். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. அந்த ரயில் பயணத்தை மட்டும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்கிறார். பணக்காரர்கள் தங்கள் ஊருக்குள் நம்மை அனுமதிக்கிறார்கள் என்று நினைத்துக் கூச வேண்டிய இடம் இல்லை அப்பா இது. ஒரு நாள் லீவும் கொஞ்சம் காசும் உள்ளவர்களை நம்பியே வளர்ந்த ஊர்.

இப்போது அம்மாவுக்கு ஒரு விஷயம். 2004 சுனாமிக்குப் பிறகு நீங்கள் கடற்கரைப் பக்கம் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நமக்கெல்லாம் கடல் உள்வாங்கியது என்று செய்தி வந்தாலே வயிறு கலங்கும். சவுத்எண்டில் கடல் தினமும் இரண்டு முறை உள்வாங்குகிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, கிட்டத்தட்ட ஒரு மைல் தூரம். படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கும், அப்புறம் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் மெதுவாக நிறைந்துவிடும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் கால்களும் பின்னால்தான் போயின. ஆனால் இது வேறு, அம்மா. அப்பாவைக் கேளுங்கள், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வருகிற அதே ஏற்றமும் வற்றமும்தான். நம் நாகப்பட்டினத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. இங்கே அது 5 மீட்டரைத் தாண்டும். கரையோ தட்டையான சேற்று நிலம், அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தூரம் விலகுகிறது. எந்த நாளில் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும் என்று வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நான் நாள் குறிப்பேன். நீங்கள் மணலில் பாய் விரித்து உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உங்களிடம் வரும் நேரம் எனக்கு முன்பே தெரியும்.

அந்த ஊரின் கடல் பாலமும் இந்த வற்றத்தினால் வந்ததுதான். லண்டனிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த கப்பல்கள் வற்றத்தில் கரையை நெருங்க முடியாது. ஆழமான இடம் வரைக்கும் பாலத்தை நீட்டினால்தான் ஆட்கள் இறங்க முடியும், இல்லையென்றால் கப்பல்கள் வேறு ஊருக்குப் போய்விடும். 1829ல் மரத்தில் கட்டத் தொடங்கி நீட்டிக்கொண்டே போனார்கள். இப்போது இருப்பது 1889ல் திறந்த இரும்புப் பாலம். நீளம் 2 கிலோமீட்டருக்கும் மேல். பொழுதுபோக்குக்கான கடல் பாலங்களில் உலகத்திலேயே நீளமானது இதுதான். மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. நடந்து போனால் கட்டணம் குறைவு, ரயிலுக்குக் கூடுதல். நாங்கள் நடந்து போய் ரயிலில் திரும்பினோம். அம்மா முழங்காலோடு நடக்க வேண்டாம், இரண்டு பக்கமும் ரயில்தான். அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

பாலத்தின் கடைசியில் அப்பாவை உட்கார வைத்துவிட்டால் சாயங்காலம் வரை எழுந்திருக்கமாட்டார் என்று இவரிடம் சொன்னேன். லண்டன் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் கப்பல்கள் எதிரிலேயே போகும். 1986ல் ஒரு கப்பல் வந்து மோதிப் பாலத்தையே உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. தீயும் பலமுறை பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் பாலத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான சரக்குக் கப்பல்களை அங்கிருந்துதான் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துப் பாதுகாப்போடு அனுப்பினார்களாம். கடலில் சிக்கியவர்களை மீட்கும் படகு நிலையமும் அங்கேயே இருக்கிறது. மீட்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள், படகுகளுக்குச் செலவு மக்கள் கொடுக்கும் நன்கொடை. கரையில் நின்று வராத படகுக்காகக் காத்திருந்த குடும்பம் நம்முடையது. அந்த உண்டியலில் நான் போட்ட காசு எனக்குச் செலவாகவே தோன்றவில்லை.

இன்னொரு இடமும் உண்டு. சவுத்எண்டுக்குச் சில ஸ்டேஷன் முன்னால் லீ ஆன் சீ. அங்கே இறங்கினால் பழைய மீனவர் தெரு. மட்டி அள்ளும் ஊர் அது. வரி வரியாக உருண்ட ஓடு, உள்ளே நகக்கண் அளவு சதை. கரையிலேயே கொட்டகை போட்டு அவித்து, சிறு கிண்ணத்தில் வினிகரும் வெள்ளை மிளகுத்தூளும் தூவித் தருகிறார்கள். நம் வாய்க்குச் சப்பென்று இருக்கும், அம்மா ஒரு டப்பாவில் மிளகாய்ப்பொடி எடுத்து வந்தால் நல்லது. 1940ல் போரின்போது பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய படையினரை மீட்க இந்த ஊரின் மட்டிப் படகுகள் ஆறு போயிருக்கின்றன. திரும்பும் வழியில் ஒரு படகு கண்ணிவெடியில் சிக்கி, அதில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்துபோனார்கள். வலை கட்டிய கைகளை நாடு கூப்பிட்டது, போனார்கள். கொட்டகைகளுக்குப் பக்கத்தில் அதைப் படித்தபோது எனக்கு நம் அக்கரைப்பேட்டை மீனவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

லீயிலிருந்து சவுத்எண்ட் வரை கடற்சுவரை ஒட்டியே நடைபாதை. பாதி வழியில் சாக்வெல்லிலிருந்து ரயிலும் ஏறலாம். வற்றத்தில் சேற்றில் தூண்டில் புழு தோண்டுகிறவர்களைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வாத்துகள் கூட்டமாக வந்து இந்தச் சேற்றில் வளரும் கடற்புல்லைத் தின்னும். கோடியக்கரைக்கு வலசை வருகிற பறவைகள் போல. நீங்கள் வரும் மாதத்தில் அவை இருக்காது.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவோம். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள், சுற்றிலும் எல்லோரும் டப்பாவைத் திறந்துதான் சாப்பிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். மீனும் சிப்ஸும் ஒரு பொட்டலம் 10, 12 பவுன் ஆகும். இரண்டு பேர் தாராளமாகப் பகிர்ந்து சாப்பிடலாம். அதை மட்டும் கடைசியில் வாங்குவோம், கடல் காற்றில் சூடாகத் தின்றால்தான் ருசி. கடற்காகங்கள் பொட்டலத்தையே பறித்துவிடும், பையனிடம் கொடுக்க வேண்டாம். அப்புறம் ரோஸ்ஸி ஐஸ்கிரீம். இத்தாலியிலிருந்து வந்த குடும்பம் 1932ல் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ருசியை இந்த ஊர் தன்னுடையது என்று கொண்டாடுகிறது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ராட்டினப் பூங்காவுக்கு உள்ளே போக டிக்கெட் இல்லை, ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும்தான் காசு. பையனுக்கு இரண்டு ராட்டினம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். விளையாட்டு இயந்திரக் கூடங்களில் இரண்டு பென்ஸ் நாணயத்தைத் தள்ளுகிற இயந்திரங்கள் உண்டு. ஒரு பவுனுக்கு 50 நாணயம் மாற்றிக் கொடுத்தால் அவனுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆகஸ்ட் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை. அன்று ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது, அந்த நாள் வேண்டாம். அதற்கு முந்தைய வாரச் சனிக்கிழமைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெயில் இருந்தாலும் காற்று குளிரும். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூடச் சால்வையும் வேண்டும். அப்பாவுக்குச் சேற்றில் நடக்க ஆசை வரும், ரப்பர் செருப்பு ஒன்று பையில் இருக்கட்டும். டிக்கெட் எந்தத் தேதிக்குக் கிடைத்தது என்று தம்பியிடம் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்