எங்கள் ஊரில் ஆள் இல்லை என்று யார் எண்ணியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிராமச் சாலைகளைப் பற்றி வந்த கட்டுரையில், "ஆளே இல்லாத குக்கிராமங்களுக்கெல்லாம் சாலை எதற்கு?" என்று ஒரு வரி இருந்தது. அப்படியொரு குக்கிராமத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருப்பவன் நான். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஆள் இல்லை என்பதைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் பார்த்தார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருவாய்க் கிராமத்துக்குத்தான் எண்ணிக்கை போடுகிறார்கள். அதற்குள் எத்தனை குக்கிராமம் இருந்தாலும் எல்லாரும் தாய்க் கிராமத்தின் பெயரில்தான் வருவோம். அதுவும் 2011இல் எடுத்த கணக்கு. 2021இல் எடுக்க வேண்டியது 2027க்குத் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியாததல்ல.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளி என்றால் 500 பேர் இருக்க வேண்டும். அதை வருவாய்க் கிராமமாகப் பார்க்கக் கூடாது, குடியிருப்பு வாரியாகப் பார்க்க வேண்டும், 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்தே எண்ணலாம் என்றும் விதி இருக்கிறது. இதைச் சொல்லி மனு கொடுக்கப் போனால், "உங்க ஊருக்குத் தனிக் கணக்கு இல்லையே" என்கிறார்கள். தனிக் கணக்கு எடுக்காதது எங்கள் குற்றமா?

எங்களுக்கும் தாய்க் கிராமத்துக்கும் நடுவே ஓர் ஓடை. வரைபடத்தில் பார்த்தால் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் அதோடு நிறைவேறிவிடுகிறது. ஐப்பசி மழையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் புரண்டு ஓடும்போது, பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கரையில் நட்ட கல்லைப் பார்ப்பார்கள். கல்லின் பாதி தெரிந்தால் இறங்குவார்கள். தெரியாவிட்டால் வீட்டுக்குத் திரும்புவார்கள், இல்லையென்றால் வயல் வரப்பில் சுற்றித் தார்ச்சாலைக்குப் போவார்கள். அந்தச் சுற்றுத் தூரம் எந்தக் கணக்கிலும் வராது.

108க்கு அழைத்தாலும் இதே கதைதான். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை. தாய்க் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு வரச் சொல்லிவிட்டு, நோயாளியை நாங்கள்தான் அதுவரை கொண்டுபோகிறோம்.

ஊராட்சிக்கு இவ்வளவு என்று நிதி பிரித்த காலத்தில் எல்லாம் பெரிய ஊரோடு நின்றுபோனது. 2011-12இல் குக்கிராமங்களை மேம்படுத்த, தமிழக அரசின் 'தாய்' திட்டம் வந்து, குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதி ஒதுக்கியபோதுதான் எங்களுக்குத் தெருவிளக்கு வந்தது. அப்போது மட்டும் நாங்கள் எண்ணிக்கையில் இருந்தோம்! கிராம சபையில் குறையைச் சொன்னால் தீர்மானத்தில் எழுதிக்கொள்கிறார்கள், அடுத்த சபையில் அதே தீர்மானத்தை மறுபடி படிக்கிறார்கள்.

வேலைக்காக இளைஞர்கள் வெளியூர் போனது உண்மைதான். அவர்களுடைய அப்பா அம்மா இங்கேதான் இருக்கிறார்கள். ஆடு மாடும் விளைகிற நிலமும் இங்கேதான் இருக்கின்றன. உங்கள் இதழும் எங்கள் ஊருக்கு வருகிறது, ஒரு நாள் தாமதமாக.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கணக்கெடுப்பவர் வைத்திருக்கும் வரைபடத்தில் தங்கள் குக்கிராமத்தின் பெயர் இருக்கிறதா என்று மக்கள் கேட்டுப் பார்க்கச் சொல்லி, அரைப் பக்கமாவது எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்