எழுபது வயதில் ஒரு காதல் கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் காதல் கதைகள் சிலவற்றைப் பரிந்துரைத்திருந்தீர்கள். நல்ல தேர்வுகள்தான், ஆனால் எல்லாமே இளசுகளின் கதை. அதோடு கென்ட் ஹாரஃப் எழுதிய 'அவர் சோல்ஸ் அட் நைட்' குறுநாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். 2015-இல் வந்த அமெரிக்க நாவல், இருநூறு பக்கம்கூட இல்லை, உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள்.

கொலராடோ மாநிலத்தில் ஹோல்ட் என்று ஒரு சின்ன ஊர். ஹாரஃப் கற்பனையில் கட்டிய ஊர் அது, அவருடைய நாவல்கள் எல்லாமே அங்கேதான் நடக்கின்றன. எழுபது வயது ஆடி மூர், கணவரை இழந்தவர், ஒரு நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்தில் இருக்கும் லூயிஸ் வாட்டர்ஸ் வீட்டுக்குப் போகிறார். லூயிஸ் ஓய்வு பெற்ற ஆசிரியர், அவருக்கும் மனைவி இல்லை. ராத்திரிதான் கழியமாட்டேன் என்கிறது, என் வீட்டுக்கு வந்து பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார் ஆடி. உடலுறவுக்காகக் கேட்கவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறார்.

லூயிஸ் முதல் ராத்திரி எப்படிப் போகிறார் தெரியுமா? முடி வெட்டி, சவரம் செய்து, குளித்து, இரவு உடுப்பையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பின் சந்து வழியாகப் போய்க் கதவைத் தட்டுகிறார். ஆடியோ, இனிமேல் முன்வாசல் வழியாகவே வாருங்கள் என்கிறார். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வாழ்ந்தது போதும் அவருக்கு. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நாவல் முழுக்கப் பேச்சுதான். விபத்தில் போன மகள் கானியைப் பற்றி ஆடி சொல்கிறார், மனைவியை விட்டு வேறொரு பெண்ணிடம் போய்விட்டுத் திரும்பி வந்ததை லூயிஸ் சொல்கிறார். மேற்கோள் குறியே இல்லாமல் எழுதியிருப்பதால் முதல் சில பக்கங்கள் யார் பேசுகிறார்கள் என்று கொஞ்சம் தடுமாறும், பழகிவிட்டால் இருட்டில் இரண்டு குரல்களை நாமே கேட்பதுபோல ஆகிவிடும். நடுவில் ஆடியின் பேரன் ஜேமி கோடை விடுமுறைக்கு வருகிறான். அப்பா அம்மா பிரிந்ததில் மிரண்டுபோயிருக்கும் பையன், ராத்திரியில் அழுதுகொண்டே எழுந்து வருகிறவன். அவனுக்காக லூயிஸ் காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கூட்டிவருகிறார், பெயர் பானி. மூன்று பேரும் நாயுமாக ஊர் சுற்றும் அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.

ஊர் வம்பை இவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். சமாளிக்க முடியாதது பெற்ற பிள்ளைகளைத்தான். ஆடியின் மகன் ஜீன் மீது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சகோதரி இறந்த அந்த விபத்திலிருந்து அவன் மீளவே இல்லை என்பதை ஹாரஃப் காட்டத்தான் செய்கிறார், ஆனாலும் அம்மாவிடம் அவன் வைக்கும் நிபந்தனையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது என்ன, ஆடி என்ன முடிவெடுத்தார் என்பதை நான் சொல்லக் கூடாது.

நுரையீரல் நோயோடு தன் கடைசி மாதங்களில் ஹாரஃப் இதை எழுதினார், நம் இருவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு. 2014 நவம்பரில் இறந்துபோனார், அச்சில் பார்க்கவில்லை. 2017-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டும் ஜேன் ஃபோண்டாவும் நடித்துப் படமாகவும் வந்தது, இயக்கியவர் 'தி லஞ்ச்பாக்ஸ்' எடுத்த நம் ரித்தேஷ் பத்ரா. படமும் நல்ல படம்தான், ஆனால் முதலில் புத்தகம். அதிலும் அம்மாவையோ அப்பாவையோ ஊரில் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் மகன்களும் மகள்களும் இதை முதலில் படிக்கட்டும். உங்கள் அடுத்த பட்டியலில் தயவுசெய்து இதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, தஞ்சாவூர்