பாடும் குருவிக்கு மூச்சு

ஹட்டன்
ஜூன் மாதம்

அன்பு மச்சான்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே மழை பிடித்துவிட்டது, சுவரெல்லாம் ஈரம்.

நுவரெலியா பங்களாவிலிருந்து பழுதுபார்க்க வந்த கூண்டுக் கடிகாரத்தில், சாவி கொடுத்தால் பாடும் பொம்மைக் குருவி அலகைத் திறக்கிறது, வாலை ஆட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். விசிலில் கை வைக்காதே. அலகும் வாலும் அசைந்தால் ஸ்பிரிங்கும் பல்சக்கரங்களும் சரிதான். இல்லாதது காற்று. முதலில் துருத்தியை, அதாவது விசிலுக்குக் காற்று ஊதும் தோல் பையைப் பார்.

ஒரு கேம் தட்டு, அதாவது விளிம்பு மேடுபள்ளமாக வெட்டிய சுழலும் தட்டு, விசிலின் பிஸ்டனை முன்பின் நகர்த்தி சுருதியை மாற்றுகிறது. இன்னொன்று காற்றுவழியைத் திறந்து மூடி பாட்டைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. முந்திய காலத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழல் வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுவிட்சர்லாந்தின் ஜாக்கே-துரோ கடிகாரப் பட்டறை பேரெடுத்த காலத்தில், இந்த ஒற்றை விசில் வந்தது. பிறகுதான் குருவி சின்னப் பெட்டிக்குள்ளும் அடங்கியது.

திறக்குமுன் ஸ்பிரிங்கை இறக்கு. சாவியை இறுகப் பிடித்து, ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கை விலக்கி, கைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடு. முறுக்கு இருக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் காற்றாடியைக் கழற்றினால் சக்கரங்கள் தறிகெட்டு ஓடி பற்கள் உடைந்துவிடும்.

இனி துருத்தி. காற்று வெளியேறும் துளையை மெல்லிய ரப்பரால் அடைத்து, துருத்தியின் மேல்தட்டின் மீது விரலால் லேசாக அழுத்து. தாங்கி நின்றால் தோல் நல்லது, மெதுவாக இறங்கினால் ஓட்டை. இருட்டறையில் தோலுக்குப் பின்னால் டார்ச் பிடித்தால் ஊசித்துளை தெரியும். பெரும்பாலும் மடிப்பின் மூலைகளில்தான் இருக்கும். தோல் நன்றாக இருந்தும் காற்று நிற்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் சின்ன மடல் வால்வுகள் ஈரத்தில் சுருண்டிருக்கலாம்.

தோல் மாற்ற வேண்டிவந்தால், பழையதை அறுக்குமுன் அதன் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, துருத்தி எவ்வளவு விரிகிறது என்றும் குறித்துக்கொள். புதிய தோல் வெங்காயச் சருகு கனத்தில் இருக்கவேண்டும். மாட்டுக் குடலின் வெளிச்சவ்வு பொருந்தும். கைப்பைத் தோல் விறைப்பு, துருத்தி மடியாது. ரப்பர் நாளடைவில் வெடிக்கும். ஒட்ட இளஞ்சூடான வச்சிரப் பசையே போதும், அதுவும் மெல்லிய பூச்சாக. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். மடிப்பில் நொறுங்கும், அடுத்தவன் பிரிக்கவும் முடியாது.

ஒட்டும் வேலையைப் பண்டாரவளையில் உன் வீட்டிலேயே வை. இந்த மாதங்களில் நுவரெலியா நனைந்து கிடக்கும்போது அங்கே வறண்ட கச்சான் காற்று அடிக்கும், வச்சிரம் ஒழுங்காகக் காயும்.

துருத்தி சரியான பிறகும் ஒரே சுருதியில் கீச்சிட்டால் பிஸ்டன் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் கம்பி கேமை விட்டு விலகியிருக்கிறது. பாட்டு அவசர அவசரமாக முடிந்தால் காற்றாடியைச் சுழற்றும் திருகுபோன்ற புழுத்தண்டு தேய்ந்திருக்கலாம். நீண்ட சுரங்கள் மட்டும் மங்கினால் காற்றுச் சேமிப்பு அறையில் கசிவு.

பிஸ்டனுக்கு எண்ணெய் போடாதே. உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும். ஒரு சொட்டு போனாலும் தூசியோடு சேர்ந்து பசையாகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சக்கர அச்சு முனைகளுக்கு மட்டும், அதுவும் ஊசி நுனியில் எடுத்து.

குருவியின் இறகை ஊதாதே, மெல்லிய தூரிகையால் தட்டு. அந்தக் காலத்தில் பறவைத் தோலைப் பதப்படுத்த ஆர்செனிக் பயன்படுத்தியதும் உண்டு, ஆகவே கையுறை போட்டுக்கொள்.

திருப்பிக் கொடுக்கும்போது அதைக் குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்று பங்களாக்காரரிடம் சொல். பகல் சூடும் இரவுப் பனியும் மாறி மாறிப் பட்டால் புதுத் தோலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறையாவது பாடவிடச் சொல்.

துருத்தியின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் எழுது. என்னிடம் நல்ல சவ்வு கொஞ்சம் இருக்கிறது, அளவு பார்த்து வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்