இஸ்தோப்பில் படுக்க வேண்டாம், தம்பி

பொகவந்தலாவை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய பணம் கிடைத்தது. கூப்பன் கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு மீதியை மருமகளிடம் கொடுத்தேன். பாப்பா சுகம். அம்மாவுக்குக் குளிருக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. தேயிலைக் கொழுந்து குறைவு, அரைப்பேர்தான் போடுகிறார்கள், பாதிச் சம்பளம்தான் என்று மருமகளுக்குக் கோபம். லயத்து வீட்டில் போனில் பேசினால் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கும், அதனால்தான் கடிதம்.

தீபாவளிக்கு வந்தாய், ஒரே இரவில் திரும்பிவிட்டாய். அந்த இரவும் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்தாய். உள்ளே புழுக்கம் என்றாய். ஐப்பசி மாதம் நம் ஊரில் என்ன புழுக்கம்? பாப்பா கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தபோது சட்டை அழுக்கு என்று விலகினாய். மருமகள் முகம் அன்று முழுக்க வாடிக் கிடந்தது. துவைக்கப் போட்ட உன் சட்டைப்பையில் என்ன இருந்தது என்று நான் அவளிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் அத்தனை காலம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். அதைப் பற்றி இதற்கு மேல் கேட்கப் போவதில்லை.

வேறு ஒரு விஷயம் சொல்கிறேன். மேல் லயத்துப் பிள்ளை பேராதனையில் டாக்டருக்குப் படிக்கிறாள் அல்லவா, லீவுக்கு வந்திருந்தாள். காசநோயைப் பற்றி ஆராய்ச்சி எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. புத்தகத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்.

முதலில் சொன்னது சென்னைக் கதை. 1956இல் சென்னையில் காசநோய்க்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் இந்த நோய் வந்தால் வீட்டைவிட்டுப் பிரித்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைக்கிற சானடோரியத்தில் சேர்க்க வேண்டும் என்பதுதான் வைத்தியம். அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறுபாதியை அவர்களுடைய சின்ன வீட்டிலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுத்தார்கள். எல்லோரும் ஏழைகள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் குறைவு, ஓய்வும் இல்லை. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டு ஆட்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியைப் பிரிக்காத வீடுகளில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. பரவியதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவியதுதான். உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூடியதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு பெரிய காரணம். ஏழைத் தமிழ்க் குடும்பங்களை வைத்துக் கண்ட உண்மை தம்பி, ஆனால் நம் லயத்துக்கு அது வந்து சேரவே இல்லை. பெரியப்பாவின் தட்டையும் கோப்பையையும் தனியாக வைத்தது உனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் இன்னும் நம் ஆட்களிடம் இருக்கிறது. தட்டிலும் கோப்பையிலும் இந்த நோய் ஒட்டுவதில்லை. காற்றில் பரவுகிறது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் பரப்பும் தன்மை சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது பயமில்லை என்று கிளினிக்கில் சளியைப் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன பிறகும் ஒருவன் இஸ்தோப்பில் படுக்க வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதைத்தான் பெரிதாக எழுத நினைத்தேன். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. முதல் மாதத்திலேயே இருமல் அடங்கும், பசி வரும், சுகமாகிவிட்டது போல இருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மொட்டையாக நின்றாலும் அடியில் உயிரோடு இருக்கிற மாதிரி, மெதுவாக வளர்கிற கிருமிகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். பாதியில் விட்டால் எழும்பும், சில நேரம் மருந்துக்குப் பணியாத கிருமியாக எழும்பும். அந்த வகைக்கு முன்பு ஒன்றரை, இரண்டு வருஷம் வைத்தியம். பெடாகுயிலின் என்ற மருந்து 2012இல் வந்தது, அதோடு வேறு மூன்று மருந்து சேர்த்து இப்போது ஆறே மாதத்தில் முடிக்கிறார்கள். 2022இல் உலக சுகாதார அமைப்பே அதை ஏற்றுக்கொண்டது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அங்கே போய்ச் சேராமல் இருப்பதுதான் நல்லது.

நாலு மாத வைத்தியம் வந்துவிட்டது என்று கடைப் பையன்கள் யாராவது போனில் பார்த்துச் சொல்வார்கள். உண்மைதான், 2021இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. ஆனால் அது வேறு மருந்துகள் சேர்ந்த முறை. ஆறு மாத மருந்து அட்டையைக் கையில் வைத்திருக்கிறவன் நாலாவது மாதம் நிறுத்தலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படத் தேவையில்லை, அந்த நாலு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம் அது. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும், ஈரலைப் பார்ப்பார்கள். சாராயம் வாயில் படக் கூடாது.

அப்புறம் சாப்பாடு. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு ஆராய்ச்சி, 2023இல் வெளிவந்தது. காசநோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள், அரிசி, பருப்பு, பால்மா, எண்ணெய் என்று. ஒரு பாதிக் குடும்பங்களில் வீட்டு ஆட்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வந்தது நூற்றுக்கு 39 வீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகள் சாவதும் மிகக் குறைவு. வெறும் அரிசியும் பருப்பும் தம்பி! இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்று மலைக்குப் போகிற சனங்களுக்கு இதை யார் சொல்வது? நீ பகல் சாப்பாட்டை மிச்சம் பிடித்து எங்களுக்கு அனுப்புகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். அப்படி என்றால் அடுத்த மாதம் அனுப்பாதே. முட்டை வாங்கு, பருப்பு வாங்கு.

பத்தொன்பது வயதில் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய் அக்காவின் கல்யாணக் கடனை அடைத்தவன் நீ. இந்த லயத்தில் உன்னைப் போல ஒரு பிள்ளை இல்லை என்று நான் யாரிடமும் சொல்லுவேன். அதே பிள்ளை இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியாகச் சுமக்கிறான், டிஸ்பென்சரியில் வேலை செய்த அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்கு மேலே ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேர் படுத்தால் யாருக்கும் வரும். கெட்ட பழக்கத்தால் வருகிற நோய் இல்லை இது. அந்த ஐந்து பையன்களையும் சோதிக்கச் சொல். இப்போது சளியை ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா இல்லையா, ரிஃபாம்பிசினுக்குப் பணியுமா பணியாதா என்று சொல்லிவிடுகிறது. நான் வேலை செய்த காலத்தில் வாரக்கணக்கில் காத்திருப்போம்.

சரி, எதையும் கேட்கப் போவதில்லை என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். தைப்பொங்கலுக்கு வா. லீவு கிடைத்தால் மாத்திரையை இங்குள்ள கிளினிக்குக்கு மாற்றி எடுக்கலாம், உன் கிளினிக்கில் கடிதம் தருவார்கள். அட்டையை மறக்காமல் கொண்டுவா. ஒரு வேளைகூட விடாதே.

ஆனால் பாப்பா விஷயம் பொங்கல் வரை நிற்காது. பிறந்தபோது போட்ட பீசீஜி ஊசி சின்னப் பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்குகிற காசநோய் வராமல் பெரும்பாலும் காக்கும். அது மட்டும் போதாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். அதற்கு மருமகளிடம் சொல்லியாக வேண்டும். நான் சொல்லக் கூடாது, நீதான் சொல்ல வேண்டும். அவள் அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள், கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மலை வேலை இல்லை. அன்று காலை கோயில் பக்கம் போனை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன், நீ கூப்பிடு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவளையும் பாப்பாவையும் நானே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
அப்பா